காவிரி டெல்டாவுக்கு ஐந்து நாள்: எந்த ஊரை வைத்துக்கொள்வது, எதை விடுவது?

பயணப்பை கேட்டது:

வணக்கம். பொங்கல் கழிந்து தை மாதத்தில் ஐந்து நாள் டெல்டா ஊர்களைப் பார்க்கக் கிளம்புகிறோம். சென்னையிலிருந்து நான்கு பேர். அம்மாவுக்கு 70 வயது, முழங்கால் வலி உண்டு. மெதுவாக நடப்பார், படி ஏறுவதுதான் சிரமம். இது நவக்கிரகச் சுற்று இல்லை. பழைய ஊர்கள், சோழர் கட்டடங்கள், ஆறு, வயல் இவற்றைப் பார்க்க வேண்டும்.

இப்போது பட்டியலில் இருப்பவை: கல்லணை, தஞ்சாவூர், திருவையாறு, சுவாமிமலை, கும்பகோணம், தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம், சிதம்பரம், திருவாரூர், நாகப்பட்டினம், தரங்கம்பாடி, பூம்புகார். ஐந்து நாளுக்கு அதிகம் என்று தெரிகிறது. எதை விடுவது? முழுக்கக் கார் எடுக்கலாமா, ரயிலும் பஸ்ஸும் போதுமா? எங்கே தங்கலாம்? மதியம் நடை சாத்தும் நேரத்தில் என்ன செய்வது? கல்லணை வெறும் அணைதானே, அதை விட்டுவிடலாமா?

குடமுருட்டி எழுதியது:

கடைசிக் கேள்வியிலிருந்தே வரேன். கல்லணையை விட்டுடாதீங்க. அதைத்தான் முதல்ல பார்க்கணும்.

டெல்டாவுல ஒவ்வொரு ஊரும் ஏதாவது ஒரு ஆத்தைப் பிடிச்சுக்கிட்டுதான் உட்கார்ந்திருக்கு. தண்ணி பிரியற இடத்தைப் பார்த்துட்டு வந்தா, அடுத்த நாலு நாளும் எந்தப் பாலத்தைத் தாண்டினாலும் எங்க இருக்கோம்னு புரியும். கல்லணையில தெற்குலேர்ந்து வடக்கா வரிசை இப்படி: கல்லணைக் கால்வாய் (ஊர்க்காரங்க புதாறுன்னு சொல்வாங்க, 1934ல வந்தது), வெண்ணாறு, காவிரி, கடைசியா வெள்ளத்தை வாங்கிக்கிற கொள்ளிடம். புதாறு தஞ்சைப் பெரிய கோயில் பக்கமாவே போகுது. கும்பகோணம் காவிரிக்கும் அரசலாத்துக்கும் நடுவுல. அதே அரசலாறு காரைக்கால்ல போய்க் கடல்ல விழுது. திருவாரூர்ல ஓடம்போக்கி. சாதாரண வரைபடத்துல இதெல்லாம் நீலக் கோடா இருக்கும், மனசுல ஒட்டாது. அணை மேல நின்னு மதகுகளைப் பார்த்தா ஒட்டும்.

ஒண்ணு தெரிஞ்சு போங்க. இப்ப கண்ணுக்குத் தெரியற மதகும் பாலமும் பிரிட்டிஷ் காலத்துலேர்ந்து கட்டினவை. கரிகாலன் வேலை அதுக்கு அடியில இருக்கு. மணல் படுகையில பெரிய பாறைகளைப் போட்டு, அது அமுங்க அமுங்க மேல மேல போட்டு, இடையில களிமண் பூசி நிறுத்தினது. பிரிட்டிஷ் பொறியாளர் ஆர்தர் காட்டன் 19ஆம் நூற்றாண்டுல இதைப் படிச்சுத்தான் மணல் மேல அணை கட்டற வித்தையைப் பிடிச்சார். 1836ல கொள்ளிடத்துல அவர் கட்டின கீழணையையும் நீங்க நாலாம் நாள் தாண்டப் போறீங்க, அணைக்கரையில.

தேதி விஷயம் முக்கியம். மேட்டூர் அணையை வழக்கப்படி ஜூன் 12ல திறந்து ஜனவரி 28ல மூடுவாங்க. நீர் இருப்பைப் பொறுத்து முன்னப் பின்ன ஆகும். மூடினப்பறம் சில நாள்லயே ஆறெல்லாம் மணலாத் தெரிய ஆரம்பிச்சுடும். தண்ணியும் வேணும், வயலும் வேணும்னா ஜனவரி 28க்கு முன்னாடியே முடிச்சுக்குங்க. அப்ப சம்பா அறுவடை நடந்துக்கிட்டிருக்கும். ஒரு வயல் பொன்னா நிக்கும், பக்கத்து வயல் தாளா இருக்கும், அதுக்கடுத்த வயல்ல அறுவடை மிஷின் ஓடும். முழுப் பச்சைதான் வேணும்னா நவம்பர், டிசம்பர். ஆனா அது வடகிழக்குப் பருவமழை. கடலோரத்துல புயல் சின்னம் வந்தா ரெண்டு நாள் போயிடும்.

பொங்கல் வாரம் வேண்டவே வேண்டாம், ரயில் பஸ் எதுலயும் இடம் இருக்காது. இன்னொண்ணு, திருவையாறுல தியாகராஜ ஆராதனை பகுள பஞ்சமி அன்னிக்கு, பெரும்பாலும் ஜனவரியில விழும். பஞ்சாங்கத்துல தேதி பார்த்துக்குங்க. இசை கேக்கணும்னா அந்த நாளுக்கே திட்டத்தை வளைங்க. இல்லைன்னா அந்த ஒரு வாரம் தஞ்சாவூர்ல ரூம் கிடைக்காது, தவிர்த்துடுங்க. தை முகூர்த்த நாளும் அப்படித்தான், கும்பகோணத்துல லாட்ஜ் எல்லாம் கல்யாண வீட்டுக்காரங்க எடுத்துடுவாங்க. சனி, ஞாயிறுல நவக்கிரகக் கூட்டம் கும்பகோணத்துலதான் தங்கும். அதனால கும்பகோண ராத்திரிகள் திங்கள்லேர்ந்து வியாழனுக்குள்ள வர்ற மாதிரி வைங்க.

பட்டியல்ல விட வேண்டியது: சிதம்பரம், நாகப்பட்டினம். சிதம்பரம் கொள்ளிடத்துக்கு வடக்கே தள்ளி இருக்கு, தனியா ஒரு நாள் கொடுக்க வேண்டிய ஊர். நாலு கோபுரத்துலயும் இருக்கற கரணச் சிற்பங்களை, அதாவது நடன நிலைகளைக் காட்டற சிற்பங்களைப் பார்க்கவே ஒரு காலைப் பொழுது வேணும். அவசரமா தரிசனம் மட்டும் பண்ணிட்டு ஓடறது அந்தக் கோயிலுக்கு நியாயம் இல்லை. நாகப்பட்டினம் சரித்திரத்துல பெரிய ஊர். கடல் தாண்டி சுமத்ரா பக்கத்து ஸ்ரீவிஜய அரசன் எடுப்பிச்ச சூடாமணி விகாரம்ங்கற பௌத்த மடத்துக்கு ராஜராஜன் ஆனைமங்கலம் கிராமத்தை விட்டுக்கொடுத்தான். ஆனா அங்க மிச்சமிருந்த செங்கல் கோபுரத்தையும் 1867ல இடிச்சாச்சு. இப்ப போய் நின்னா அந்த விகாரத்துல பார்க்க எதுவும் இல்லை.

மீதியை இப்படிப் பிரிங்க. தஞ்சாவூர்ல 2 ராத்திரி, கும்பகோணத்துல 2 ராத்திரி. தினம் ஊர் மாத்தி மூட்டை கட்டாதீங்க, அம்மாவுக்கு அதுவே அலுப்பு.

முதல் நாள் காலை திருச்சியில இறங்கி, கல்லணை, பூதலூர் வழியா தஞ்சை. மதியம் தூங்குங்க. நாலு மணிக்குப் பெரிய கோயில். ரெண்டாம் நாள் விடிகாலை மறுபடியும் பெரிய கோயில், மதியம் அரண்மனை, சாயங்காலம் திருவையாறு. மூணாம் நாள் வழியில புள்ளமங்கையில இருக்கற சின்னச் சோழர் கோயிலைப் பார்த்துட்டு கும்பகோணம், சாயங்காலம் தாராசுரம். நாலாம் நாள் காலை 6 மணிக்கே கிளம்பி கங்கைகொண்ட சோழபுரம், மதியம் சுவாமிமலை, சாயங்காலம் ஊருக்குள்ள நாகேஸ்வரன் கோயில், மகாமகக் குளம். அஞ்சாம் நாள் தரங்கம்பாடியா திருவாரூரான்னு நீங்க முடிவு பண்ணணும், அதைக் கீழே யாராவது சொல்லட்டும்.

நடை சாத்தற நேரம் பொதுவா 12, 12:30லேர்ந்து 4 வரைக்கும். இதைச் சமாளிக்கத் தெரியாமத்தான் நிறையப் பேர் ஒரு நாளைக்கு ஒரு கோயில் தவற விடறாங்க. கணக்கு இதுதான்: 6 லேர்ந்து 11:30 கோயில், நடுவுல அரண்மனை, சிலை செய்யற பட்டறை, சாப்பாடு, பிரயாணம், மறுபடி 4 லேர்ந்து 6:15. ஜனவரியில ஆறேகாலுக்கு மேல சிற்பம் தெரியாது.

திருவையாறு போற ரோட்டுல காரை மெதுவா விடச் சொல்லுங்க. தஞ்சாவூர்லேர்ந்து 13 கிலோமீட்டருக்குள்ள வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரின்னு அஞ்சு பாலம் வரும். ஐயாறுங்கற பேருக்கு அர்த்தம் அந்த அரை மணி நேரத்துல கிடைச்சுடும்.

ஓலைச்சுவடி எழுதியது:

குடமுருட்டி சொன்ன வரிசையை அப்படியே ஏற்கிறேன். பெரிய கோயிலுக்கு இரண்டு முறை போகச் சொன்னது மிகச் சரி. கிழக்கு நோக்கிய கோயில் அது. காலையில் முகப்பில் வெயில் விழும். மாலையில் கோயிலைச் சுற்றிக்கொண்டு மேற்குத் திருச்சுற்றுக்கு (மதிலுக்குள் கோயிலைச் சுற்றியுள்ள வெளி) போய்விடுங்கள், விமானத்தின் பின்புறம் முழுக்கச் செம்பொன்னாக நிற்கும்.

முதல் முறை சும்மா சுற்றிப் பாருங்கள். இரண்டாம் முறை கல்வெட்டுக்காகப் போங்கள். 1010ஆம் ஆண்டு நிறைவடைந்த கோயில் அது. ஆனால் கட்டடத்தை மட்டும் பார்த்துவிட்டு வருகிறவர் பாதியைத்தான் பார்த்தவர். விமானத்தின் அடித்தளத்தில் வடபுறம் தொடங்கி மேற்காக ஓடும் கல்வெட்டில்தான் "நாங் குடுத்தனவும் நம் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும் மற்றும் குடுத்தார் குடுத்தனவும்" இக்கல்லிலே வெட்டுக என்ற ராஜராஜனின் ஆணை இருக்கிறது. அக்கன் என்பது குந்தவை. அந்த எழுத்தை நீங்களே படிக்க முடியும். மூன்று விஷயம் தெரிந்தால் போதும். மெய்யெழுத்துக்குப் புள்ளி பெரும்பாலும் இருக்காது. எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் ஒரே மாதிரி இருக்கும். சொற்களுக்கு இடையே இடைவெளி கிடையாது. முதலில் "ஸ்வஸ்திஸ்ரீ" என்பதைத் தேடிப் பிடியுங்கள், பிறகு க, ட, த, ந, ப ஒவ்வொன்றாகக் கண்ணுக்குப் பழகும்.

ஜனவரியில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் வடபுறச் சுவரில் நாள் முழுக்க வெயிலே விழாது. எழுத்து மங்கலாகத் தெரியும். கையில் ஒரு சிறிய டார்ச் வைத்துக்கொள்ளுங்கள். அதை எழுத்துக்கு நேராக அடித்தால் கல் வெளுத்துப் போய் ஒன்றும் தெரியாது. சுவரை ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடியுங்கள். வெட்டுப் பள்ளங்களில் நிழல் விழுந்து ஒவ்வொரு கோடும் எழுந்து நிற்கும். விரலால் தடவ வேண்டாம், சுண்ணாம்போ மாவோ பூசிப் படிக்கவே வேண்டாம்.

திருச்சுற்று மதிலின் வடபுறம் வெளிப்பக்கத்தில் தளிச்சேரிப் பெண்டுகள், அதாவது கோயிலில் ஆடிய பெண்கள், நானூறு பேரின் பட்டியல் இருக்கிறது. எந்தத் தெரு, எந்தச் சிறகு (தெருவின் எந்தப் பக்க வரிசை), எத்தனையாவது வீடு, முன்பு எந்த ஊர்க் கோயிலில் இருந்தவர் என்று ஒவ்வொருவருக்கும் முகவரியே பொறித்திருக்கிறார்கள். ஒரு பங்குக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல், அதுவும் ஆடவல்லான் என்ற மரக்காலால் அளந்து. வரும் வழியில் பார்த்த வயலுக்கும் இந்தக் கல்லுக்கும் உள்ள உறவு இதுதான்.

வழிகாட்டிகள் சொல்லும் இரண்டு கதைகளை நம்ப வேண்டாம். விமானத்தின் நிழல் தரையில் விழாது என்பது தவறு, மாலையில் போனால் நிழல் நீண்டு கிடப்பதை நீங்களே பார்க்கலாம். உச்சியில் இருப்பது 80 டன் எடையுள்ள ஒரே கல் என்பதும் தவறு, அது பல துண்டுகளை இணைத்தது. பெரிய நந்தியும் சுப்பிரமணியர் சந்நிதியும் நாயக்கர் காலம். சுப்பிரமணியர் சந்நிதியின் கல் வேலை நுணுக்கமானது, அதைச் சோழர் வேலை என்று நினைத்துக் குழப்பிக்கொள்ளாமல் தனியாக ரசியுங்கள். கருவறையைச் சுற்றிய உட்சுவரில் உள்ள சோழர் ஓவியங்களையும் மேல்தளத்துக் கரணச் சிற்பங்களையும் பொதுமக்கள் பார்க்க அனுமதி இல்லை. ஓவியங்களின் படங்களைத் திருச்சுற்றில் உள்ள விளக்கக் கூடத்தில் வைத்திருக்கிறார்கள்.

அம்மாவுக்காக: திருச்சுற்று சுமார் 240 மீட்டர் நீளம், 120 மீட்டர் அகலம். ஒரு சுற்று வெறுங்காலோடு என்றால் அவருக்குக் கணிசமான நடை. பதினொரு மணிக்கு மேல் கல் சுடும், தையிலும் சுடும். பருத்திக் காலுறை எடுத்துப் போங்கள். திருச்சுற்று மாளிகையின் நிழலில் உட்கார நிறைய இடம் உண்டு.

மதியம் அரண்மனையில் எல்லாவற்றையும் பார்க்க முயலாமல் கலைக்கூடத்துக்கே நேரம் கொடுங்கள். செப்புத் திருமேனிகளைப் பார்த்த பிறகு, சாளுக்கியரின் கல்யாணபுரத்தைத் தாக்கி அழித்து முதலாம் ராஜாதிராஜன் கொண்டுவந்த துவாரபாலகரைத் தேடிப் பாருங்கள். கறுப்பு நிறக் கல், பீடத்தில் அதைச் சொல்லும் தமிழ் எழுத்து. சோழச் சிற்பத்திலிருந்து அதன் உடல் அமைப்பே வேறு. அது தாராசுரத்தில் இருந்து வந்தது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு மறுநாள் தாராசுரம் போங்கள்.

தாராசுரத்தில் கண்ணைக் கீழே வையுங்கள். இரண்டாம் ராஜராஜன் எடுத்த கோயில். விமானத்தின் அடியில் நாயன்மார் வரலாறுகள் சின்னச் சின்னச் சிற்பங்களாக, பெயர்ப் பொறிப்போடு வரிசையாகப் போகும். இவற்றையும் தேர் போன்ற மண்டபத்தின் சக்கரம், குதிரை, யானைக்கும் காளைக்கும் ஒரே தலையாக அமைத்த சிற்பம் ஆகியவற்றையும் பார்க்க ஒன்றரை மணி நேரம் குறைந்தபட்சம். பலிபீடத்துப் படிகளைக் கல்லால் தட்டி ஓசை கேட்டுக் கேட்டே பாழாக்கினார்கள், இப்போது கம்பி போட்டிருக்கிறார்கள். கோயில் தெரு மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. மழை பெய்தால் முன்பகுதியில் தண்ணீர் நிற்கும், பாசி வழுக்கும். அம்மா கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

மெயின்லைன் எழுதியது:

ரயில் பத்தி யாரும் சொல்லலையே. சென்னைலேர்ந்து தெற்கே ரெண்டு பாதை. விழுப்புரத்துல பிரியும். விருத்தாசலம், அரியலூர் வழியா திருச்சி போறது கார்டு லைன். கடலூர், சிதம்பரம், மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சாவூர் வழியா போறது மெயின் லைன். திருச்சி வண்டின்னு பார்த்து ஏறிட்டுக் கும்பகோணம் எப்ப வரும்னு கேக்கறவங்க நிறைய. டிக்கெட் போடும்போது நிறுத்தங்களைப் பாருங்க.

உங்களுக்குத் தோதானது: போகும்போது மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ், ராத்திரி ஏறினா விடியல்ல திருச்சி. திரும்பும்போது உழவன் எக்ஸ்பிரஸ், கும்பகோணத்துலயோ மயிலாடுதுறையிலயோ ஏறிக்கலாம். பகல்ல ஜன்னல் ஓரம் உட்கார்ந்து டெல்டாவைப் பார்த்துக்கிட்டே வரணும்னா சோழன் எக்ஸ்பிரஸ். முன்பதிவு 60 நாளைக்கு முன்னாடி திறக்கும். பொங்கலை ஒட்டின தேதின்னா திறந்த சில நிமிஷத்துல முடிஞ்சுடும், அதனால அன்னிக்குக் காலையிலேயே உட்கார்ந்துடுங்க. அம்மாவுக்குக் கீழ் படுக்கை வேணும்னா மூத்த குடிமக்கள் ஒதுக்கீட்டுல போடணும். ஆனா அதுல நாலு பேரையும் சேர்த்துப் போட முடியாது, அம்மா டிக்கெட்டைத் தனியாப் போட்டு உங்க பெட்டிக்கே கேட்டுப் பாருங்க.

கார் அஞ்சு நாளும் தேவையில்லை. தஞ்சாவூர்லேர்ந்து கும்பகோணம் 40 கிலோமீட்டர், பஸ் ஓயாம ஓடும். ஊருக்குள்ள ஆட்டோ போதும். கார் எடுக்க வேண்டிய நாள் ஒண்ணு, மூணு, நாலு, அஞ்சு. ரெண்டாம் நாள் சாயங்காலம் திருவையாறுக்கு டவுன் பஸ்ஸே இருக்கு, அம்மா வந்தா மட்டும் ஆட்டோ.

கார் பேசும்போது ஊர்ப் பேரை வரிசையாச் சொல்லி எழுதிக் கொடுங்க. "கும்பகோணம் சுத்திக் காட்டுங்க"ன்னு சொன்னா டிரைவர் பழக்கதோஷத்துல திருநாகேஸ்வரம், ஆலங்குடின்னு நவக்கிரகக் கோயில் பக்கமே திருப்பிடுவார். புள்ளமங்கைன்னா பல பேருக்குத் தெரியாது. பசுபதிகோயில்ன்னு சொல்லுங்க, அய்யம்பேட்டைக்கு முன்னாடி.

அறுவடை சமயத்துல ஒரு எச்சரிக்கை. கிராமத்து ரோட்டுல பாதிக்கு நெல் காயும். ஓரத்துல கல் வச்சு அடையாளம் போட்டிருப்பாங்க, ராத்திரியில அந்தக் கல் தெரியாது. நெல் மேல பிரேக் போட்டா டயர் வழுக்கும். இருட்டினப்பறம் உள்ரோடு வேண்டாம், மெயின் ரோடே போங்க. காலையில ஏழு மணி வரைக்கும் பனியும் இருக்கும்.

பயணப்பை கேட்டது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. ஜனவரி 20ஐ ஒட்டிய ஒரு வாரத்தில் திங்கள் முதல் வெள்ளி வரை என்று வைத்துக்கொள்கிறோம், ஆராதனைத் தேதியைப் பஞ்சாங்கத்தில் பார்த்துவிட்டு உறுதி செய்கிறேன். இரண்டு சந்தேகம். கங்கைகொண்ட சோழபுரத்தில் எவ்வளவு நேரம் ஒதுக்குவது? கோயில் தவிர ஊர் என்று ஏதாவது மிச்சம் இருக்கிறதா? இன்னொன்று, ஐந்தாம் நாள்: திருவாரூரா, தரங்கம்பாடியா? சுவாமிமலையில் படி ஏற வேண்டுமே, அம்மாவை என்ன செய்வது?

ஓலைச்சுவடி எழுதியது:

கங்கைகொண்ட சோழபுரத்துக்கு மூன்று மணி நேரம். கும்பகோணத்திலிருந்து அணைக்கரை வழியாகச் சுமார் 35 கிலோமீட்டர். ஆறு மணிக்குக் கிளம்பினால் ஏழு மணி வாக்கில் புல்வெளியில் நிற்கலாம். பஸ்ஸில் போகிறவர்கள் ஜெயங்கொண்டம் பஸ்ஸில் ஏற வேண்டும்.

தஞ்சை விமானம் நேர்கோட்டில் ஏறும். இங்கே உள்வாங்கி வளைந்து ஏறும். உயரம் சுமார் 180 அடி. இரண்டையும் மூன்று நாள் இடைவெளியில் பார்ப்பதால் வேறுபாடு மனத்தில் தெளிவாகப் பதியும். வடபுறப் படிக்கட்டு அருகே உள்ள சண்டேச அனுக்கிரகர் சிற்பத்துக்கு முன் நேரம் எடுத்து நில்லுங்கள். சிவன் சண்டேசர் தலையில் பூமாலையைச் சுற்றும் அந்த விரல்களையும், தலை குனிந்து அதை வாங்கிக்கொள்ளும் சண்டேசரின் தோளையும் பாருங்கள். சிங்க முகக் கிணறு, ஒரே கல்லில் அமைந்த நவக்கிரகம் ஆகியவற்றையும் விட வேண்டாம்.

ஊர் என்று கேட்டீர்கள். சுமார் இரண்டரை நூற்றாண்டுக் காலம் சோழர் தலைநகராக இருந்த இடம் இப்போது ஒரு கிராமம். கோயிலிலிருந்து சுமார் இரண்டு கிலோமீட்டரில் உட்கோட்டைப் பக்கம் மாளிகைமேடு. அகழாய்வில் வெளிப்பட்ட அரண்மனையின் செங்கல் அடித்தளம் அங்கே இருக்கிறது. பார்க்கச் சுவர் அடிகள்தாம், ஆனால் இடம் எத்தனை பெரியது என்பது தெரியும். வடக்கே போகும் வழியில் பொன்னேரி. கங்கை நீரால் ராஜேந்திரன் எழுப்பிய வெற்றித் தூண் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்லும் சோழகங்கம் அதுதான். கரை நீளமாகப் போகும். தண்ணீர் இருக்கும் காலத்தில் கரை மேல் ஏறிப் பார்க்க வேண்டும்.

ஊர் ஏன் காணாமல் போனது என்பதற்கு ஒரு பகுதி விடை திரும்பும் வழியிலேயே இருக்கிறது. டெல்டாவில் கல் கிடையாது, வண்டலும் மணலும்தான். 1836இல் கீழணை கட்டக் கல் தேவைப்பட்டபோது இந்தக் கோயிலின் மதிலையும் கோபுரத்தையும் உடைத்துக் கொண்டுபோனார்கள். மாளிகைச் செங்கல்லை ஊரார் வீடு கட்டத் தோண்டி எடுத்தார்கள். அணைக்கரையைத் தாண்டும்போது இதை நினைத்துக்கொண்டு தாண்டுங்கள்.

குடமுருட்டி எழுதியது:

சுவாமிமலையில கோயிலுக்கு 60 படி, தமிழ் வருஷம் ஒவ்வொண்ணுக்கும் ஒரு படி. அம்மாவுக்கு வேண்டாம்னு தோணினா ஏற வேண்டாம். நீங்க மதியம் போறது ஸ்தபதிங்க செப்புச் சிலை வார்க்கற பட்டறைக்கு, அது தரையிலதான். கோயில் அந்த நேரம் சாத்தியிருக்கும்.

பட்டறையில சிலை வாங்கற எண்ணம் இல்லைன்னா வாசல்லயே சொல்லிடுங்க, "வேலையைப் பார்க்க வந்திருக்கோம்"னு. பெரும்பாலும் காட்டுவாங்க. பார்க்க வேண்டிய வரிசை: முதல்ல தென்னை ஓலை. அளவுகோல் கிடையாது. சிலையோட உயரத்துக்கு ஓலையை நறுக்கி, அதை மடிச்சு மடிச்சு முகம், மார்பு, தொடைன்னு அளவு குறிப்பாங்க. அப்புறம் தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சின மெழுகுல உருவம். அதுமேல காவிரி வண்டல் மண்ணைக் கரைச்சு முதல் பூச்சு. இந்தப் பூச்சுதான் உயிர். வண்டல் அவ்வளவு நைசா இருக்கறதாலதான் விரல் நகம், ஆபரண முத்து வரைக்கும் அச்சுல பதியும். அடுத்தடுத்த பூச்சு கொஞ்சம் கொரகொரப்பான மண். காய வச்சுச் சுட்டா மெழுகு உருகி வெளியே வந்துடும், அந்த வெற்றிடத்துல உலோகத்தை ஊத்துவாங்க. அச்சு சரியாக் காயாம ஈரம் தங்கினா, கொதிக்கற உலோகம் பட்டதும் ஆவி கிளம்பி அச்சே வெடிக்கும், இல்லைன்னா சிலையில ஓட்டை விழும். அதனாலதான் மழைக் காலத்துல வேலை மெதுவாப் போகும். ஊத்தற நாள் எல்லா நாளும் வராது, நீங்க போற அன்னிக்குச் வார்த்த சிலையை உளியால செதுக்கற வேலை மட்டும் நடந்தாலும் உட்கார்ந்து பாருங்க.

புள்ளமங்கைக்கு ஒரு குறிப்பு. முதலாம் பராந்தகன் காலத்துச் சின்னக் கோயில். கூட்டமே இருக்காது, அதனால பூட்டியும் இருக்கலாம். காலை எட்டு மணி வாக்குல போங்க. பூட்டியிருந்தா பக்கத்து வீட்டுல கேட்டா குருக்கள் எங்க இருப்பார்னு சொல்வாங்க. அடித்தளத்துல உள்ளங்கை அளவு சிற்பத்துல ராமாயணக் காட்சிகள் ஓடும், அதுக்கும் அந்த டார்ச் வேணும். தட்டுல ஏதாவது போட்டுட்டு வாங்க, வருமானம் இல்லாத கோயில்.

மெயின்லைன் எழுதியது:

அஞ்சாம் நாளுக்கு என் ஓட்டு தரங்கம்பாடி. நாலு நாள் கோயில் பார்த்த கண்ணுக்கு வேற ஒண்ணு வேணும். ஆறு வந்து சேர்ற கடலையும் பார்த்தாச்சு.

1620ல டேனிஷ்காரங்க தஞ்சை ரகுநாத நாயக்கர்கிட்ட அனுமதி வாங்கிக் கட்டின டேன்ஸ்போர்க் கோட்டை கடலைப் பார்த்து நிக்குது. 1845ல ஆங்கிலேயருக்கு வித்துட்டுப் போனாங்க. நகர வாசல்லேர்ந்து கோட்டை வரைக்கும் ஒரே நேர்த் தெரு, நடந்தா பத்து நிமிஷம், சமதரை. அம்மாவுக்குச் சிரமமே இல்லை. வழியில 1718ல கட்டின புதிய எருசலேம் ஆலயம், ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு அடக்கமானது அங்கதான். 1706ல வந்து இறங்கினவர், 1715க்குள்ள புதிய ஏற்பாட்டைத் தமிழ்ல இங்கயே அச்சுப் போட்டார். கரையோரம் மாசிலாமணிநாதர் கோயில். 1306ல குலசேகர பாண்டியன் காலத்துல எழுந்தது, கடல் அரிச்சு அரிச்சு முன்பகுதி போயிடுச்சு. இப்ப கல் கொட்டித் தடுத்திருக்காங்க.

ஆனா உங்க திட்டப்படி அஞ்சாம் நாள் வெள்ளிக்கிழமை. கோட்டை அருங்காட்சியகத்துக்கு வெள்ளி விடுமுறை. அதனால ஒண்ணு ஞாயிறுலயே தஞ்சாவூர்ல தொடங்கி வியாழனுக்குக் கடல் வர்ற மாதிரி மாத்துங்க, இல்லைன்னா வெள்ளிக்குத் திருவாரூரை வச்சுக்குங்க. ஞாயிறு தொடங்கினா கும்பகோண ராத்திரி செவ்வாய், புதன்ல விழுது, அதுவும் தோதுதான்.

தரங்கம்பாடின்னா கும்பகோணத்துல காலை ரூமைக் காலி பண்ணி, திருபுவனத்துல அரை மணி நேரம் நின்னு மூணாம் குலோத்துங்கன் கட்டின கோயிலைப் பாருங்க. அதோட சோழ விமானம் நாலும் பார்த்த கணக்காகும். அப்புறம் மயிலாடுதுறை, அங்கேர்ந்து 30 கிலோமீட்டர். நேரம் மிஞ்சினா பூம்புகார். ஆனா சிலப்பதிகார நகரம் கண்ணுக்குத் தெரியும்னு அம்மாகிட்ட சொல்லிக் கூட்டிட்டுப் போகாதீங்க. காவிரி கடல்ல சேர்ற அந்தச் சின்ன முகத்துவாரத்தைப் பார்க்கத்தான் போறது. ராத்திரி மயிலாடுதுறையில உழவன்.

திருவாரூர்னா நாச்சியார்கோயில் வழியா 40 கிலோமீட்டர். கோயில் அஞ்சு வேலி, குளம் அஞ்சு வேலின்னு சொல்வாங்க (வேலிங்கறது பழைய நில அளவு), கமலாலயக் குளத்தைச் சுத்தி வந்தா நம்புவீங்க. அங்கயும் நடக்க நிறைய இருக்கு. தேவாசிரிய மண்டபத்துல விதானம் முழுக்க முசுகுந்தன்ங்கற புராணச் சோழ அரசனோட கதை ஓவியம், 17ஆம் நூற்றாண்டு. கழுத்து வலிக்கும், கீழே உட்கார்ந்து சாய்ஞ்சு பாருங்க. நேரா 11 மணிக்குள்ள போயிடணும், ரெண்டு மணிக்குப் போய் நின்னா குளத்தை மட்டும் பார்த்துட்டு நாலு வரைக்கும் காத்திருக்கணும்.